ஏட்டில் ஏறிய பெயர்: அரசின் அறிவும் இரத்தோட்டைத் தோட்டக் குடிகளும்

குடிகளை ஆள்வதற்கு முன்னர்க் குடிகளை அறிதல் வேண்டும். நாட்டில் எத்தனை பேர் உளர், எங்கு உறைகின்றனர், எந்நிலத்தை உழுகின்றனர், யார் யாருடைய மக்கள் என்னும் வினாக்களுக்கு விடை கூற இயலாத அரசு வரி தண்டவும் மாட்டாது. வறியோர்க்கு உதவவும் மாட்டாது. இவ்வறிவு அமைச்சரின் சொற்றிறத்திலோ ஆணையின் கடுமையிலோ தங்குவதன்று. அஃது ஏட்டில் தங்குவது. அவ்வேட்டை எழுதும் கணக்கனின் கையிலும், அதனைப் படித்துப் பொருள் கொள்ளும் அலுவலனின் நேர்மையிலும் தங்குவது.

இக்காலத்தில் அவ்வேடு கணினிக்குள் புகுந்துள்ளது. ஒருவரை இன்னார் என உறுதிசெய்யும் இலக்கமுறை அடையாளம், பணத்தைக் கைமாற்றும் பொதுவழி, ஒரு திணைக்களம் வைத்திருக்கும் தரவை இன்னொரு திணைக்களம் முறைப்படி பெறும் வாயில் ஆகிய மூன்றையும் சேர்த்து டிஜிட்டல் பொது உட்கட்டமைப்பு என வழங்குவர். வீதியும் பாலமும் போல எல்லாரும் பயன்கொள்ளத்தக்க பொது அமைப்பு என்பதே இப்பெயரின் கருத்து. இதனை அமைப்பதற்கு வேண்டிய அறிவும் ஆற்றலும் அரசுக்கு எவ்வாறு உண்டாகும் என்பது இன்று பல நாடுகளில் ஆராயப்படும் பொருளாகும். ஆயின் இவ்வினா புதியதன்று. ஏடு ஓலையாய் இருந்த காலத்தும் தாளாய் இருந்த காலத்தும் இதே வினா எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு விடை கிடைத்தது. அவ்விடையின் பயனைக் குடிகள் நுகர்ந்தனர், அல்லது அதன் துன்பத்தைச் சுமந்தனர். அவ்வரலாற்றை ஒரு சிறு நிலப்பகுதியில் நின்று நோக்குவதற்கு மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை மிகப் பொருத்தமான இடமாகும்.

இரத்தோட்டை மாத்தளை நகருக்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலில் அமைந்தது. கம்மடுவைக்கும் றிவஸ்டன் கணவாய்க்கும் ஏறும் வீதிகள் இவ்வூரின் வழியாகவே செல்கின்றன. கண்டியரசுக் காலத்துச் சிங்களக் கிராமங்களும், பின்னர் எழுந்த தேயிலை, இறப்பர், ஏலத் தோட்டங்களும், அத்தோட்டங்களில் தலைமுறைகளாய் வாழும் தமிழ்க் குடிகளும் ஒரே மலைச்சாரலில் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். ஆகவே அரசு வைத்திருந்த பல்வேறு ஏடுகளும் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்துள்ளன.

ஓலைக் காலம்

தமிழ்நாட்டில் முதலாம் இராசராசன் ஏறத்தாழக் கி.பி. 1001இல் நிலம் அளப்பித்தான். வரிப்பொத்தகம், புரவுவரித் திணைக்களம் முதலிய அலுவற் பெயர்கள் சோழர் கல்வெட்டுக்களில் வருகின்றன. நிலத்தை அளக்கும் கோலும், அளந்ததை எழுதும் பொத்தகமும், எழுதியதைப் பாதுகாக்கும் அலுவலரும் ஒருங்கே அமைந்தமையாலேதான் அப்பேரரசு தொலைவிலுள்ள ஊர்களின் விளைவையும் அறிந்திருந்தது. கோல் மட்டும் இருந்து கணக்கர் இல்லாதிருப்பின் அளவை ஒரு நாட் சடங்காய் முடிந்திருக்கும்.

கண்டியரசில் இதனை ஒத்த ஏடு லேகம் மிட்டி எனப்பட்டது. எந்த நிலப் பங்கு யாரிடம் உளது, அப்பங்கிற்கு உரியவர் அரசனுக்கு எந்த ஊழியம் செய்யக் கடப்பட்டவர் என்பன இதன்கண் எழுதப்பட்டன. இவ்வோலைகளை எழுதிக் காத்தவர் லேகம் என்னும் அலுவலர் ஆவர். மாத்தளை ஒரு திசாவையின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியாகும். ஊரில் யார் எவ்வூழியத்திற்கு உரியர் என்பதை ஊரவரும் அறிவர், அலுவலரும் அறிவர், ஏடு அவ்விருவர் அறிவையும் இணைக்கும் சாட்சியாய் நின்றது. கரையோரப் பகுதிகளில் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்தி விரிவாக்கிய தோம்புகள் இதே பணியைப் புரிந்தன. ஒல்லாந்தரின் ஆட்தோம்பில் குடும்பமும் நிலத்தோம்பில் காணியும் எழுதப்பட்டன.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்காலத்தில் கண்டியின் ஆட்சிமுறையை நன்கு உணர்ந்திருந்த ஆங்கிலேயர் ஜோன் டொயிலி ஒருவரே எனலாம். அவர் சிங்களம் கற்று, அலுவலரிடமும் குருமாரிடமும் கேட்டறிந்து, கண்டியரசின் அமைப்பைக் குறித்து விரிவான குறிப்பொன்றை எழுதி வைத்தார். 1824இல் அவர் மறைந்தார். தனி ஒருவரிடம் தங்கும் அறிவு அவரோடு மறைவது இயல்பு. அதனை நிறுவனத்தின் அறிவாக மாற்றுதற்கு வேண்டிய முயற்சியை அரசு மேற்கொள்ளாதவிடத்து யாது நேரும் என்பதை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் காட்டின.

எரிந்த ஏடுகள்

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஊழியம் ஒழியவே அதனைக் குறித்த ஏடும் பயன் குன்றியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முறையான உரிமை காட்டப்படாதவரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்றது. தலைமுறைகளாய்ச் சேனைப் பயிர் செய்த குடியிடம் ஆங்கில நீதிமன்றம் ஏற்கும் பத்திரம் இருந்ததில்லை. வழக்கத்தால் உண்டான உரிமை எழுத்தால் உண்டான உரிமைக்குத் தோற்றது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின.

1848இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் துவக்கு, நாய், வண்டி, கடை முதலியவற்றுக்கு வரிகள் விதிக்கப்பட்டன. வீதி அமைப்பதற்கு ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் உழைத்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என்றும் சட்டம் எழுந்தது. இவ்வரிகள் யாவும் பதிவை வேண்டின. நாயைக் காட்ட வேண்டும். துவக்கைக் காட்ட வேண்டும். ஆடவர் தம் வயதைக் கூற வேண்டும். தம்மை எண்ணும் அரசு எதற்காக எண்ணுகின்றது என்பதைக் குடிகளுக்கு அவர்தம் மொழியில் விளக்கிக் கூறுவார் இலர். அவ்வாண்டு யூலை மாத இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூடப்பட்டான். புரன் அப்புவின் தலைமையில் திரண்டோர் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கி வரி ஏடுகளை அழித்தனர். ஆகத்து 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். இலண்டன் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. 1850இல் டொரிங்டன் பதவி நீங்கினார்.

கிளர்ச்சிக்காரர் கருவூலத்தோடு ஏட்டையும் இலக்காகக் கொண்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏடு தம் பொருளைப் பறிக்கும் கருவி என அவர் கண்டனர். அக்காட்சி முற்றும் தவறு என்று கூறவியலாது. குடியிடமிருந்து பெறுவதற்கு மட்டும் எழுதப்படும் ஏடு குடியின் பகையைத் தேடிக்கொள்ளும் என்பதே மாத்தளை மண்ணில் பெறப்படும் முதற் பாடமாகும்.

பின்னர் ஆங்கிலேயர் ஏட்டின் தன்மையை ஓரளவு மாற்றினர். 1867இல் பிறப்பையும் இறப்பையும் கட்டாயமாகப் பதியும் முறை சட்டமாயிற்று. 1871இல் தீவு முழுவதற்கும் முதற் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. மக்கள் தொகை ஏறத்தாழ 24 இலட்சம் எனத் தெரிந்தது. 1911ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு பிரிவினர் வேறு வேறாக எண்ணப்பட்டனர். கணக்கெடுப்போர் எளிமைக்காக வகுத்த ஒரு பிரிவு பின்னாளில் அரசியலில் எத்துணைப் பெரிய சுவராய் எழுந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஏட்டில் ஒரு கட்டம் வரைதல் சிறு செயலாகத் தோன்றினும் அதன் விளைவு சிறியதன்று.

துண்டும் தகரமும் செக்றோலும்

கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்தனர். காட்டு வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்களுடைய பெயர்கள் எந்த அரசு ஏட்டிலும் முறையாய் ஏறவில்லை. மாத்தளையை அடைந்தோர் இரத்தோட்டை, கம்மடுவை முதலிய மலைச்சாரல்களுக்கும் கண்டிக்கு அப்பாலும் பிரிந்து சென்றனர்.

இவர்களைக் குறித்த ஏட்டை அரசு எழுதவில்லை, தோட்டமே எழுதியது. கங்காணி தன் ஆட்களின் கடனை எழுதினான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளிக்குத் துரை கொடுக்கும் சீட்டு 'துண்டு' எனப்பட்டது. கடன் தீர்ந்தால் இவரை விடுவிக்க இசைவு என்பது அதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் அணிந்துகொண்டு தொழிலாளர் இந்தியாவிலிருந்து பயணம் செய்தனர். பயணச் செலவு அவ்விலக்கத்திற்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்தை அடைந்தபின் அவர்கள் பெயர் செக்றோலில் ஏறியது. 'பேர் பதிதல்' என்னும் தொடர் மலையக வழக்கில் இன்றும் தொழில் பெறுதலையே குறிக்கின்றது. நாட்டோறும் பிரட்டுக் களத்தில் அப்பெயர் அழைக்கப்பட்டது.

இன்று ஆட்களை இலக்கத்தால் அறியும் முறையைப் புதுமை எனக் கருதுவோர் இத்தகர வில்லையை நினைத்தல் நன்று. அது திறம்பட இயங்கிய முறையே. துறைமுகம், புகைவண்டி, தோட்டம் மூன்றையும் ஓர் இலக்கம் இணைத்தது; கணக்குத் தவறவில்லை. ஆயின் அவ்விலக்கம் மனிதரின் இலக்கமன்று, தோட்டத்தின் இலக்கமாகும். வில்லையை அணிந்தவர் அதனைக் காட்டி எவ்வுரிமையையும் கோருதல் இயலாது. திறமையான அமைப்பு யாருக்காகத் திறமையாய் இயங்குகின்றது என்னும் வினாவை இவ்வரலாறு எழுப்புகின்றது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் தோட்டக் குடிக்கும் அரசுக்கும் இடையே தோட்டக் காரியாலயமே நின்றது. பிறப்பையும் இறப்பையும் அறிவிப்பது, கடிதத்தைப் பெற்றுத் தருவது, இன்னார் இங்கே வாழ்கின்றார் எனச் சான்று கூறுவது யாவும் அக்காரியாலயத்தின் வழியே நடைபெற்றன.

இடைநின்ற ஏட்டின் குறைகள் பல. 'மாரியாயி' என்பவர் ஓர் ஏட்டில் மாரியாய் ஆவார். இன்னோர் ஏட்டில் மாரியம்மா ஆவார். ஆங்கில எழுத்தில் வேறொரு வடிவம் பெறுவார். சிங்களத்தில் மற்றொரு வடிவம் பெறுவார். பிறந்த நாள் திருவிழாவையோ மழைக்காலத்தையோ கொண்டு மதிப்பிடப்பட்டு எழுதப்படும். கைம்மாறிய தோட்டத்தின் பழைய செக்றோல் எங்குச் சென்றது என்பதைக் கூறுவார் இலர். இக்குறைகள் அன்றாட வேலைக்குத் தடையாயிருக்கவில்லை. ஆகவே எவரும் அவற்றைத் திருத்த முற்படவில்லை. அவற்றின் விலை 1948இல் தெரியவந்தது.

இரு விண்ணப்பங்களின் கதை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வழிமுறையால் குடியுரிமை பெறுதற்குத் தந்தை முதலியோரின் பிறப்பு இலங்கையில் நிகழ்ந்தமையை நாட்டியது. பிறப்பைப் பதிந்து வைத்திராத குடும்பங்களுக்கு இதனை மெய்ப்பித்தல் அரிதாயிற்று. அடுத்த ஆண்டு இந்திய பாகித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. மணமானவர் 1946 சனவரிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையைக் காட்டுதல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்டு நாட்டை விட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும்.

ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவற்றை ஆராயும் பணி பத்தாண்டுக்கு மேல் நீண்டது. முடிவிற் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அஃதாவது நூற்றுக்குப் பதினாறு பேர். மறுக்கப்பட்டோர் யாவரும் நாட்டிற்குப் புதியோர் அல்லர். பெயரின் எழுத்து மாறுபாடு, தேதியின் மாறுபாடு, சான்றின் குறைவு ஆகியன பலரைத் தள்ளின. தோட்டத்து ஏடு செய்த பிழைக்குத் தோட்டக் குடி தண்டனை பெற்றான் எனின் மிகையாகாது. இதனை வெறும் ஏட்டுக்குறை என்றும் கூறிவிடலாகாது. தள்ளுவதற்குக் காரணம் தேடும் மனப்பாங்கும் அரசியலில் இருந்தது. ஆயினும் அம்மனப்பாங்கிற்குக் கருவியாய் அமைந்தது குறையுள்ள ஏடே என்பதை மறுத்தல் இயலாது.

நாடற்றவராய் நின்றோரைப் பங்கிடுவதற்கு 1964 ஒற்றோபர் 30ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சமபங்காய் ஏற்பதற்கு 1974இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. பல ஆண்டுகள் இழுபட்ட இப்பணியில் விண்ணப்பம் எங்கே, முடிவு யாது என அறியாது காத்திருந்தோர் எண்ணற்றோர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் உடைமையோடு பத்திரங்களையும் இழந்தோரும் உளர்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், அதனினும் சிறப்பாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையைத் தலைகீழாக மாற்றின. 1964 ஒற்றோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழியினரும் தம் நிலையைக் கூறும் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டால் போதும் என 2003ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்தது. அரசும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகமும் தொழிற்சங்கங்களும் இணைந்து, நடமாடும் நிலையங்களைத் தோட்டங்களுக்கே கொண்டு சென்றன. தொண்டர்கள் படிவத்தை நிரப்பிக் கொடுத்தனர். பத்து நாள் அளவில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் மிகப் பயன் தரும். முன்னையதில் பத்தாண்டுக்கு மேல். பின்னையதில் பத்து நாள். இவ்வேறுபாட்டைக் கணினி உண்டாக்கவில்லை. 2003இல் மலைத் தோட்டங்களுக்குச் சென்றவை தாளும் பேனாவும் மேசையுமே ஆகும். மெய்ப்பிக்கும் பொறுப்பை யார் சுமப்பது என்னும் சட்ட முடிவு மாறியது. அலுவலர் குடியை நாடிச் சென்றனர். மக்களின் மொழி அறிந்தோர் அருகில் இருந்தனர். அரசின் ஆற்றல் என்பது இம்மூன்றின் சேர்க்கையாகும். இம்மூன்றும் இல்லாதவிடத்துக் கருவியின் வேகம் மறுப்பின் வேகமாகவே முடியும்.

அடையாள அட்டை

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதன் இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. முதலிரண்டு பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று, ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்டிராயின் ஐந்நூறு கூட்டப்படும். 1960 சனவரி 10இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 60510 எனத் தொடங்கும். ஈற்றில் நிற்கும் எழுத்து 'வி' ஆயின் வாக்குரிமை உடையார் என்றும், 'எக்ஸ்' ஆயின் அஃதில்லார் என்றும் பொருள்படும். 2016இல் பிறந்த ஆண்டு முழுமையாய் இடம்பெறும் பன்னிரண்டு இலக்க முறை வந்தது, எழுத்து நீங்கியது. 2017இல் பட்டைக்குறி பொறித்த புதிய அட்டை வெளிவந்தது.

இவ்விலக்கம் நுண்ணறிவோடு அமைக்கப்பட்டதே. எனினும் பிறந்த நாளையே இலக்கமாக்கும் முறை, பிறந்த நாள் சரியாய் எழுதப்பட்டவருக்கே சரியாகும். மதிப்பிட்டு எழுதிய தேதி அட்டையில் ஏறிவிட்டால் பிழை அவரது பெயரினும் உறுதியாக அவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழில் ஒரு நாளும், பாடசாலை இடாப்பில் ஒரு நாளும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் இன்னொரு பெயர் வடிவமும் இருக்குமாயின், முதுமையில் அத்தொழிலாளி தன் பணத்தைப் பெறுதற்குத் தானே தான் என்பதை மெய்ப்பிக்க நேரும்.

விண்ணப்பத்தைச் சான்றுபடுத்துவோர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. கிராமத்தில் அப்பணி கிராம அலுவலருக்கு உரியது. தோட்டத்தில் தோட்ட அதிகாரியும் சான்றுபடுத்தலாம் என்பது முறை. பழைய விதானை முறை 1963இல் நீங்கிக் கிராம சேவகர் வந்தனர். 1992இல் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரம் மாற்றப்பட்டது. இரத்தோட்டைப் பிரதேச செயலகம் மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரிவுகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிப் பணி செய்வதற்கு இடந்தரும் சட்டத் திருத்தம் 2018இலேயே நிறைவேறியது. தகரச் சீட்டின் நிழல் அதுகாறும் நீண்டிருந்தது என்க.

கணினியும் அரசும்

இலங்கையில் தேசிய கணினிக் கொள்கை 1983இல் வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கணினிக்கான மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. அதனை நெடுங்காலம் வழிநடத்திய பேராசிரியர் வீ.கே. சமரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வியை வேரூன்றச் செய்தவராவர். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் எழுந்தது. உலக வங்கியின் உதவியோடு 'ஈ-சிறீலங்கா' திட்டம் தொடங்கியது. ஊர்தோறும் நெனசல என்னும் அறிவகங்கள் அமைக்கப்பட்டன. அரசுத் திணைக்களங்களை இணைக்கும் வலையமைப்பு உண்டாயிற்று. 1919 என்னும் தொலைபேசி இலக்கத்தில் மும்மொழித் தகவல் நிலையம் இயங்கியது. இலத்திரனியற் கொடுக்கல் வாங்கலுக்கான சட்டம் 2006இல் வந்தது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் ஒரு தேர்வு நிகழ்ந்தது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் இணைத்து, வாரப் பங்கைக் குறியீட்டால் வழங்கும் முறை அவ்வாண்டு யூலையில் நடைமுறைக்கு வந்தது. நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் குறைந்தன. சில வாரங்களில் அமைந்த இவ்வமைப்பு ஐம்பதாண்டுக் காலமாய் ஆட்பதிவு அலுவலர் எழுதி வந்த ஏட்டின்மேல் நின்றது. மேற்கட்டுமானத்தைப் புகழ்ந்தோர் பலர். அடித்தளத்தை நினைத்தோர் சிலர்.

அடுத்த ஆண்டு வறியோர் உதவிக்கான அஸ்வெசும திட்டம் வந்தபோது மறுபக்கம் தெரிந்தது. வீட்டுத் தகவல்களைத் திரட்டிக் கணினியால் புள்ளியிட்டுப் பயனாளிகளைத் தெரிந்தனர். பட்டியல் வெளியானதும் பல இலட்சம் மேன்முறையீடுகள் எழுந்தன. தேர்ந்தெடுப்பதைக் கணினி செய்யலாம். முறையீட்டைக் கேட்பதற்கு மனிதர் வேண்டும். அம்மனிதர் பிரதேச செயலகத்திலேயே உளர். அவர்தம் தொகையும் பயிற்சியும் கணினியைப் போல ஒரே நாளில் பெருகுவதில்லை.

இந்திய நாட்டின் பட்டறிவும் இதனையே உணர்த்தும். 2009இல் தொடங்கப்பட்ட ஆதார்த் திட்டத்தின் முதல் இலக்கம் 2010இல் மராட்டிய மாநிலத்துப் பழங்குடி ஊரான தெம்பிலியில் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வழங்கப்பட்டுள்ளன. வங்கிக் கணக்கில்லாதோர் பலர் கணக்குப் பெற்றமை அதன் பெரும் பயனாகும். ஆயின் கைரேகை தேய்ந்த முதியோரும் கூலித் தொழிலாளரும் பங்கீட்டுக் கடைகளில் இடர்ப்பட்டமையும் பதிவாகியுள்ளது. 2017இல் உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆதாரின் பயன்பாட்டுக்கு எல்லைகளை வகுத்தது. இப்பட்டறிவோடு, எந்நாடும் எடுத்தாளத்தக்க அடையாள மென்பொருள் ஒன்று மொசிப் என்னும் பெயரில் பெங்களூரில் உருவாயிற்று. 2022 மார்ச்சு மாதத்தில் இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்திற்கு நன்கொடை உதவுவதாக இந்தியா உடன்பட்டது. அதே ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது.

அயல்நாட்டு உதவியால் கருவி வரும், அறிவு வாராது. எசுத்தோனியா 2001 முதல் தன் அரசுத் திணைக்களங்களை இணைத்த முறையைப் பல நாடுகள் வியந்து நோக்குகின்றன. அச்சிறு நாட்டின் வெற்றிக்குக் காரணம் மென்பொருள் மட்டுமன்று. ஒரு தகவலை ஓரிடத்திலேயே வைத்தல், தன் தரவை யார் பார்த்தார் எனக் குடி அறிதல் என்னும் நெறிகளை அலுவலர் ஏற்றுப் பழகினர். அத்தகைய பழக்கத்தை விலைகொடுத்து வாங்குதல் இயலாது.

இரத்தோட்டையில் நின்று நோக்குங்கால்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில முடிவுகள் போதரும். முதலாவது, கணினிக்குள் ஏற்றுமுன் பழைய ஏட்டைத் திருத்துதல் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் மாறுபடும் தோட்டக் குடிக்கு, தாளில் இருந்தபோது அம்மாறுபாட்டை அறிமுகமான எழுதுவினைஞர் ஒருவர் கண்டு விளங்கிக்கொள்வார். இயந்திரம் விளங்கிக்கொள்ளாது, இருவர் எனவே கொள்ளும். எனவே பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் பெறுவது எளிதாகவும் செலவற்றதாகவும் இருத்தல் வேண்டும். 2003இன் நடமாடும் நிலையங்கள் இதற்கு நல்ல முன்மாதிரியாகும்.

இரண்டாவது, பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்த அலுவலர் இன்றித் தமிழ்ப் பெயர் சரியாய்ப் பதியப்படாது. 1987இல் தமிழ் அரசியலமைப்பில் ஆட்சிமொழியாயிற்று. அவ்வுரிமை மெய்யாவது கொழும்பில் அன்று. இரத்தோட்டை போன்ற செயலகங்களின் விண்ணப்பப் படிவம் பெறும் மேசையிலேயே ஆகும்.

மூன்றாவது, அலுவலரின் கல்வி. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் மேல்நிலை அலுவலருக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது. தரவை எழுதும் கையும் திருத்தும் கையும் கிராம அலுவலருடையதும் எழுதுவினைஞருடையதும் ஆகலின் அப்பயிற்சி அவர்வரை இறங்குதல் வேண்டும். விசையை அழுத்தும் பயிற்சி போதாது. ஒரு தரவு எதற்காகப் பெறப்படுகின்றது, யாருக்குக் காட்டலாம், பிழை கண்டால் யாது செய்தல் வேண்டும் என்பவற்றை அறிதலே உண்மைப் பயிற்சியாகும்.

நான்காவது, மறுக்கப்பட்டவர்க்கு வழி. கொழுந்து கொய்து தேய்ந்த விரலைப் பொறி அறியாது போகுமாயின் வேறு சான்றால் அவரை ஏற்கும் விதி முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். விதி இல்லாதவிடத்து அலுவலர் அஞ்சுவர். அஞ்சும் அலுவலர் மறுப்பர்.

ஐந்தாவது, ஏட்டின் நோக்கத்தைக் குடிக்கு உரைத்தல். 1848இல் மாத்தளையில் ஏடு அழிந்தது அதன் நோக்கம் பறித்தலே எனக் குடிகள் கண்டமையால் ஆகும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் மக்கள் அறியும் மொழியில் சென்றடையாதாயின், அஃது இருந்தும் இல்லாததாகவே முடியும்.

முடிவுரை

லேகம் மிட்டி ஊழியத்தை எழுதிற்று. 1848இன் ஏடு வரியை எழுதிற்று. செக்றோல் உழைப்பை எழுதிற்று. 1949இன் விண்ணப்பக் கோவை ஐயத்தை எழுதிற்று. 2003இன் பிரகடனமே முதன்முதலாகத் தோட்டக் குடியின் உரிமையை அவன் வாய்மொழி கொண்டு எழுதிற்று. இவற்றுள் எதனை முன்மாதிரியாகக் கொண்டு புதிய இலக்கமுறை ஏடு எழுதப்படும் என்பதே இனித் தீர்மானிக்கப்படவேண்டிய பொருள். தகர வில்லையும் ஓர் இலக்கமே. குடியுரிமைப் பிரகடனமும் ஒரு தாளே. ஒன்று மனிதரைத் தோட்டத்தின் உடைமையாக்கிற்று. மற்றையது நாட்டின் குடியாக்கிற்று. வேறுபாடு கருவியில் இல்லை; கருவியைக் கையாளும் அரசின் அறிவிலும் நெஞ்சிலும் உளது. அவ்வறிவை வளர்ப்பது தலைநகரின் கடனாயினும், அது வளர்ந்ததா என்பது நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஒரு தொழிலாளியின் பெயர் மும்மொழியிலும் பிழையின்றி எழுதப்படும் நாளிலேயே தெளிவாகும்.